உரலிகளின் வழுவமைதி: இரண்டு ஆவணங்களைப் படித்த குறிப்பு

கீழே இருக்கிற முகவரியைப் பாருங்க. தளப்பெயர்கள் கற்பனை, குறியீடுகள் மட்டும் நிஜம்.

எச்டிடிபி://திருட்டு.தளம்\@நல்ல.தளம்/

இதை கிளிக் செய்தால் எந்தத் தளம் திறக்கும்?

2011 வாக்கில் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் 'நல்ல.தளம்' பக்கம் போகும். மற்ற உலாவிகளில் பெரும்பாலானவை 'திருட்டு.தளம்' பக்கம் போகும். அந்த வருஷம் வெளிவந்த மைக்கேல் ஸலேவ்ஸ்கியின் 'தி டாங்கிள்ட் வெப்' புத்தகத்தில் இந்த மாதிரி விசித்திரங்களுக்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது. காரணம் சின்னதுதான். @ குறிக்கு முன்னால் வருவது பயனர்பெயர், பின்னால் வருவது தளம் என்பது பழைய விதி. ஃபயர்ஃபாக்ஸ் பேக்ஸ்லாஷை ஏதோ ஒரு எழுத்து என்று எடுத்துக்கொண்டு, அதுவரை இருப்பதைப் பயனர்பெயர் ஆக்கியது. மற்றவை பேக்ஸ்லாஷை ஸ்லாஷாகவே படித்து, தளப்பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று முடிவு செய்தன.

இன்றைக்கு எல்லா உலாவிகளும் இரண்டாவது வழிக்கு வந்துவிட்டன. அப்போ பிரச்சினை தீர்ந்ததா? அதை யோசிக்கத்தான், உரலிகளை வரையறுக்கிற இரண்டு ஆவணங்களையும் ஒரு நாவலைப் படிக்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். தரநிலை ஆவணத்துக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். கோடிக்கணக்கான நிரல்கள் இவற்றின் சொல்லை நம்பித்தான் ஓடுகின்றன, அதனால் எழுதலாம் என்பது என் கட்சி.

முதல் ஆவணம் ஆர்எஃப்சி 3986. ஜனவரி 2005. எழுதியவர்கள் டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர். 61 பக்கம். 1994இல் வந்த ஆர்எஃப்சி 1738இல் தொடங்கி, 1998இன் 2396 வழியாக வந்த பரம்பரையில் கடைசி வாரிசு. சுத்தமான இலக்கண நூல் இது. எந்த எழுத்து எங்கே வரலாம், எது எதைப் பிரிக்கும் என்பதைச் சூத்திரமாக எழுதியிருக்கிறார்கள். படிக்க எனக்கு ரொம்பப் பிடித்த தொழில்நுட்ப ஆவணங்களில் ஒன்று.

ஆனால் மேலே உள்ள முகவரியை அதனிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? 'இது உரலியே இல்லை' என்று சொல்லும். பேக்ஸ்லாஷுக்கு அதன் இலக்கணத்தில் எந்த இடத்திலும் அனுமதி கிடையாது. சரி, உரலி இல்லாத ஒன்று கையில் வந்தால் நிரல் என்ன செய்யணும்? அங்கே மௌனம். இதில் ஒரு வேடிக்கை வேற. பின்னிணைப்பு 'பி'யில், உரலியைத் துண்டுகளாகப் பிரிக்க ஒரு ஒழுங்குகோவை கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சரியாக இருக்கிற உரலிகளுக்குத்தான் அது என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோவை ஏறக்குறைய எதைக் கொடுத்தாலும் பொருந்திவிடும். சமையல் குறிப்பைக் கொடுத்தாலும் பொருந்தும். எத்தனையோ நூலகங்கள் இலக்கணத்தை விட்டுவிட்டு அந்த ஒற்றை வரியின் போக்கிலேயே உரலியைப் பிரிக்கின்றன. அவற்றிடம் மேலே உள்ள முகவரியைக் கொடுத்தால், தளம் 'நல்ல.தளம்' என்று தயங்காமல் பதில் வரும்.

ஆசிரியர்களுக்கு ஆபத்து தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்பு பற்றிய ஏழாவது பகுதியில், @ குறிக்கு முன்னால் பிரபலமான பெயரைப் போட்டு ஏமாற்றுவது பற்றி எச்சரிக்கிறார்கள். ஐபி முகவரியை விசித்திரமான எண்வடிவங்களில் எழுதுவது பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. தெரிந்திருந்தும், தவறான உள்ளீட்டைக் கையாள்வது தங்கள் வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்புதான் எனக்கு இந்த ஆவணத்தோடு இருக்கிற சண்டை.

உலாவிக்காரர்களுக்கு மௌனமாக இருக்கிற வசதி கிடையாது. ஒரு பக்கம் அந்த உலாவியில் திறக்கிறது, இந்த உலாவியில் திறக்கவில்லை என்றால் பயனர் உலாவியைத்தான் திட்டுவார், பக்கத்தை எழுதியவரை இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தவறுகளை மன்னிக்கத் தொடங்கினார்கள். 1980இல் டிசிபி விவரணையில் ஜான் போஸ்டல் சொன்ன அறிவுரை இதற்குக் கைகொடுத்தது: அனுப்பும்போது கறாராக இரு, பெறும்போது தாராளமாக இரு. தாராளம் என்றால் எவ்வளவு, எந்தத் திசையில் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு உலாவியும் தன் திசையில் தாராளமானது. விண்டோஸில் கோப்புப் பாதைகள் பேக்ஸ்லாஷில் இருந்ததால், மக்கள் உரலியிலும் அதையே தட்டினார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏற்றுக்கொண்டது. பக்கத்தின் மூலத்தில் நீளமான சுட்டிகளை நடுவில் எண்டர் தட்டி உடைத்தவர்கள் இருந்தார்கள்; அதனால் உரலிக்குள்ளே இருக்கிற டேபையும் புதுவரியையும் தூக்கிப்போடும் பழக்கம் வந்தது. இதனுடைய விளைவு: 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கும் ஆபத்தான சுட்டிகளைத் தடுக்கிற வடிகட்டி அந்தச் சொல்லைத் தேடும். சொல்லின் நடுவில் ஒரு டேப் போட்டால் வடிகட்டிக்குச் சிக்காது, உலாவியோ டேபை நீக்கிவிட்டு நிரலை ஓட்டும்.

இந்தக் கலவரத்துக்கு முடிவு கட்ட வந்ததுதான் இரண்டாவது ஆவணம், வாட்டபிள்யூஜி குழுவின் யூஆர்எல் ஸ்டாண்டர்ட். தொகுப்பாசிரியர் அன்னே வான் கெஸ்டரன். ஆர்எஃப்சி 3986ஐ ஓய்வுக்கு அனுப்புவதே நோக்கம் என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் ஆவணம். இது இலக்கணத்தை மையமாக வைக்கவில்லை, செய்முறையை வைக்கிறது. ஒரு எழுத்தைப் படி, இப்போது எந்த நிலையில் இருக்கிறாய் என்று பார், அடுத்த நிலைக்குப் போ என்று கடைசி வரை ஒரே ஓட்டம். படிக்கச் சுவையாக இருக்காது. ஆனால் எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் விடை உண்டு. ஒன்று உரலி, இல்லையென்றால் தோல்வி. உலாவிகளுக்குப் பொதுவான சோதனைத் தொகுப்பும் கூடவே இருக்கிறது. 2023இல் உலாவிகள் சேர்ந்து நடத்திய இன்டராப் முயற்சியில் உரலியும் ஒரு தலைப்பாக இருந்தது. வேறுபாடுகள் முழுசாகப் போய்விடவில்லை. 'கிட்://' மாதிரி சிறப்புத் தகுதி இல்லாத முகவரிகளில், தளப்பெயரைத் தளப்பெயராகவே பார்க்காமல் பாதையோடு சேர்த்துப் படிக்கிற பழக்கத்தை குரோம் 2024இல்தான் விட்டது. இருந்தாலும் 2011ஐ நினைத்துப் பார்த்தால் பெரிய சாதனை.

இப்போ என் விமர்சனத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று படித்திருப்போம். பிழையில்லாமல் பேசுவது வழாநிலை. பிழை வழு. பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளலாம் என்பது வழுவமைதி. ஆசையாக வளர்த்த பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை தப்பு; ஆனால் மகிழ்ச்சியில் சொன்னது, போகட்டும் என்று இலக்கணம் விட்டுவிடும். எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்பது அங்கே தெளிவாக இருக்கும்.

யூஆர்எல் ஸ்டாண்டர்ட் முழுக்க வழுவமைதிதான். பேக்ஸ்லாஷ் வந்தால் ஒரு 'சரிபார்ப்புப் பிழை', ஆனால் ஸ்லாஷாக எடுத்துக்கொண்டு மேலே போ. இரண்டு ஸ்லாஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை, அல்லது ஐந்து இருக்கிறதா? பிழை, மேலே போ. @ இரண்டு முறை வந்தால் கடைசி @தான் எல்லை; பிழை, மேலே போ. இப்படிப் பெயர் வைத்து வரிசைப்படுத்திய பிழைகள் அதில் ஏராளம். எந்த இடத்தில் என்ன தப்பு என்று இதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை யாரிடம் சொல்கிறது?

யாரிடமும் இல்லை. எங்காவது தெரிவித்தால் நல்லது என்கிற அளவுக்கு ஒரு ஊக்குவிப்பு மட்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'நியூ யூஆர்எல்' என்று எழுதி ஒரு சரத்தைக் கொடுத்தால், முழுத் தோல்விக்கு மட்டும்தான் அது கத்தும். சரிபார்ப்புப் பிழைகளை நிரலர் கேட்டு வாங்க வழியே இல்லை. 2023இல் சேர்ந்த 'கேன்பார்ஸ்' என்ற புதிய வசதியும் அப்படித்தான். நம்முடைய பேக்ஸ்லாஷ் முகவரியைக் கொடுத்தால் 'ஆமாம், படிக்க முடியும்' என்று மட்டும் பதில் வரும். பிழையைத் திருத்திப் படித்தேன் என்ற தகவல் உள்ளேயே செத்துப்போகிறது.

இது ஏன் பெரிய விஷயம்? உரலியை உலாவி மட்டும் படிப்பதில்லை. ஒரு உதாரணம். ஒரு நிறுவனத்தின் கோடு ரிவ்யூவில் நான் பார்த்தது. லாகின் முடிந்ததும் பயனரை அவர் கேட்ட பக்கத்துக்கே திருப்பி அனுப்பும் வசதி. வெளித்தளத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, முகவரி ஒரு ஸ்லாஷில் தொடங்க வேண்டும், இரண்டு ஸ்லாஷில் தொடங்கக் கூடாது என்று சோதனை போட்டிருந்தார்கள். ஆர்எஃப்சியை வைத்துப் பார்த்தால் சரியான சோதனை. அதற்குள்ளே '/\திருட்டு.தளம்' என்று கொடுத்தால்? சோதனைக்கு அது உள்ளூர்ப் பாதை. உலாவிக்கோ அது இரண்டு ஸ்லாஷ், அதாவது வெளித்தளம். நம்ம தளத்தின் பெயரைப் பார்த்து நம்பி கிளிக் செய்தவர் திருடன் வீட்டு வாசலில் நிற்பார். இங்கே சர்வர் தப்பா, உலாவி தப்பா? இரண்டும் தத்தம் ஆவணத்தின்படி சரி. அதுதான் கோளாறே.

சர்வர் பக்கத்திலேயே இந்த மோதல் இன்னும் மோசம். தைவானைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் 2017இல் பிளாக் ஹாட் மாநாட்டில் ஒரு முகவரியைக் காட்டினார்:

எச்டிடிபி://1.1.1.1 &@2.2.2.2# @3.3.3.3/

பைத்தானில் அப்போது புழங்கிய மூன்று நூலகங்கள் இதை மூன்று விதமாகப் படித்து மூன்று வெவ்வேறு கணினிகளுக்குப் போயின. ஒரே மொழி, ஒரே சரம். ஒன்றை வைத்துச் சோதித்து இன்னொன்றை வைத்துத் தரவிறக்கும் நிரல் இருந்தால், உள் வலையமைப்பின் கதவு திறந்துவிடும். அவருடைய ஆய்வின் சாரமே இதுதான்.

எண்களிலும் இதே கதை. 127.0.0.1 என்பது நம் கணினியையே குறிக்கும் முகவரி. அதை 127.1 என்று எழுதலாம், 2130706433 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம், 0177.0.0.1 என்றும் எழுதலாம். பழைய பிஎஸ்டி யூனிக்ஸின் ஒரு செயற்கூறிலிருந்து வந்த பழக்கம். முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டடிமான எண். யூஆர்எல் ஸ்டாண்டர்ட் இதை அப்படியே சட்டமாக்கிவிட்டது. அதனால் உலாவியில் 010.0.0.1 என்று தட்டினால் 8.0.0.1க்குப் போகும். பைத்தானின் ஐபி முகவரித் தொகுதியோ, சில பதிப்புகளில் 2021 வரை, முன்பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாமல் அதே சரத்தை 10.0.0.1 என்று படித்தது. இப்படி ஓர் உள் முகவரியை வெளி முகவரி என்று நம்பிக் கேட்டைத் திறந்துவிட்டால் ஆபத்து. இது பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகி, முன்பூஜ்யத்தை மறுக்கிற மாதிரி திருத்தப்பட்டது. மறுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். இந்தக் காலத்தில் எட்டடிமானத்தில் ஐபி எழுதுகிற நேர்மையான ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விசித்திரம். 'எச்டிடிபி:கடிதம்' என்று ஸ்லாஷே இல்லாமல் ஒரு சுட்டி. அது இருக்கும் பக்கமும் எச்டிடிபி என்றால், சுட்டி அதே தளத்துக்குள்ளே 'கடிதம்' என்ற பக்கம். பக்கம் எச்டிடிபிஎஸ் என்றால், அதே சுட்டி 'கடிதம்' என்கிற வேறொரு தளம்! ஒரு எழுத்துகூட மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. தளத்தைப் பூட்டுப்போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும்போது இப்படி ஒரு பழைய சுட்டி உள்ளே கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. இதில் ஆர்எஃப்சி 3986க்கும் பங்கு உண்டு. பழைய நடைமுறைக்கு இணங்கப் பாதியை அதுவும் அனுமதித்திருக்கிறது, ஓட்டை என்று தெரிந்தே.

ஒரே உலாவிக்குள்ளேயே இரண்டு வாசிப்பு மோதிய கதையும் உண்டு. 2015 செப்டம்பரில், முகவரியின் கடைசியில் %%30%30 என்று சேர்த்தால் குரோம் சட்டென்று செத்து விழுந்தது. %30 என்றால் பூஜ்யம் என்ற எழுத்து. முதல் வாசிப்பில் அவை விரிந்து %00 ஆனது. உள்ளே வேறொரு இடத்தில் அதை மறுபடி படித்தபோது, அது அனுமதியில்லாத வெற்றெழுத்து. சரியான உரலி என்று ஒரு பகுதி கொடுத்த சான்றிதழை இன்னொரு பகுதி நம்ப மறுத்ததால் வந்த வினை.

யூஆர்எல் ஸ்டாண்டர்டை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமில்லை. தமிழ் எழுதுகிறவனாக அதற்கு நான் ஒரு நன்றி சொல்லியாகணும். ஆர்எஃப்சி 3986இன்படி உரலியில் தமிழ் எழுத்து வருவதே வழு. 'தமிழ்' என்ற சொல்லை எழுத வேண்டுமென்றால், ஐந்து யூனிகோடு குறிகள், குறிக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து என்று 45 எழுத்தாக விரித்து எழுதணும். அதே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 3987 நம்மைப் போன்றவர்களுக்காகத் தனி வாசல் வைத்தது. வாட்டபிள்யூஜி ஆவணமோ அந்த இரண்டையும் ஒன்றாக்கி, பாதையில் தமிழ் இருப்பது வழாநிலையே என்று சொல்லிவிட்டது. கம்பியில் போகும்போது 45 எழுத்தாகத்தான் போகும். ஆனால் எழுதுகிறவர் மேல் குற்றம் இல்லை. 'தவறான முகவரி' என்ற சொல்லுக்குள் ஆங்கில எழுத்தில் இல்லாத முகவரியும் அடங்கியிருந்தது என்பதை, கறார்தான் நல்லது என்று பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் கறாரா, தாராளமா என்று கட்சி பிரிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. கர்ல் மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் 2016இலேயே, என் உரலியும் உங்கள் உரலியும் ஒன்றில்லை என்று புலம்பி எழுதினார். ஸ்லாஷ் ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் கர்ல் ஏற்கும், உலாவியைப் போல எத்தனையானாலும் ஏற்காது. ஆர்எஃப்சிக்கும் உலாவிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வாசிப்பு. புலம்புகிறவரே இன்னொரு வழக்கை உண்டாக்க வேண்டியிருக்கிறது பாருங்க.

தாராளத்தைத் திரும்பப் பெறவே முடியாது, வலை உடைந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. உடைந்ததா? பயனர்பெயரும் கடவுச்சொல்லும் @ போட்டு எழுதும் வசதியை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தியதால், 2004 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலிருந்து தூக்கியது. சிலருக்கு எரிச்சல், அவ்வளவுதான். 2017இல் குரோம், உரலிக்குள் புதுவரியும் '<' குறியும் சேர்ந்து வந்தால் படம், ஸ்கிரிப்ட் போன்றவற்றைத் தரவிறக்க மறுக்கத் தொடங்கியது. பக்கத்தின் ரகசியங்களைத் திருடும் ஒரு உத்தியைத் தடுக்க. இதைக் கவனிங்க: புதுவரியை நீக்கிய பிறகும், 'நீக்கினேன்' என்ற நினைவை உலாவி வைத்திருந்தால்தான் இந்தத் தடை சாத்தியம். அதாவது, தனக்குத் தேவைப்பட்டபோது உலாவி அந்தத் தகவலைச் சேமித்துக்கொள்கிறது. நிரலருக்கு மட்டும் கிடையாது. 2023 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9413, போஸ்டலின் அறிவுரையை அப்படியே பின்பற்றுவது நாளடைவில் நெறிமுறைகளைக் கெடுக்கிறது என்று விரிவாக வாதிடுகிறது. தவறைச் சத்தமில்லாமல் விழுங்கினால் அடுத்தவரும் விழுங்கியாக வேண்டும் என்பது அதன் ஒரு முக்கியப் புள்ளி. உரலிக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 'நியூ யூஆர்எல்' தரும் விடையோடு, வழியில் சந்தித்த சரிபார்ப்புப் பிழைகளின் பட்டியலையும் கொடுங்க. உலாவி தாராளமாகவே இருக்கட்டும், 1998இல் எழுதிய பக்கங்களும் திறக்கட்டும். காவலாளி வேலை பார்க்கிற நிரலுக்கு, பூட்டை உடைத்துத்தான் உள்ளே வந்தேன் என்று சொல்லுங்க.

அது வரும் வரைக்கும் நான் செய்வது இது. வந்த சரத்தை ஒரே ஒரு முறை, ஒரே நூலகத்தில் படித்து, கிடைத்த துண்டுகளிலிருந்து மறுபடி கட்டிய உரலியைத்தான் சோதனைக்கும் தரவிறக்கவும் பயன்படுத்துவேன். மூலச் சரத்தை அதோடு தூக்கிப் போட்டுவிடுவேன். மூலத்தில் பேக்ஸ்லாஷோ, டேபோ, புதுவரியோ இருந்தால் படிக்காமலேயே மறுப்பு. இதைவிட எளிதாக, மறுபடி கட்டியது மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதாதா என்று சிலர் செய்கிறார்கள். போதாது. பாதையே இல்லாமல், ஸ்லாஷும் இல்லாமல் தளப்பெயரோடு முடியும் நல்ல முகவரியெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் கட்டும்போது ஒரு ஸ்லாஷ் சேர்ந்துவிடுகிறது. தமிழில் பாதை உள்ள ஒவ்வொரு முகவரியும் மாட்டும், 'தமிழ்' அங்கே 45 எழுத்தாகியிருக்கும். இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிடணும், அந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிற வேலையும் உரலியைப் படிக்கிற இன்னொரு வேலைதான்.